தில்லானாவில் அரை விநாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வீடியோ எடிட்டிங் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வட்டத்தில் பெண் பிள்ளைக்கு அரங்கேற்றம் என்றால் கல்யாணத்துக்கு ஒத்திகை மாதிரிதான். ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தை ஒரு வருஷம் முன்னாலேயே புக் பண்ண வேண்டும். பாட்டுக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் சென்னையிலிருந்து விசா வந்து சேரும்வரை யாருக்கும் தூக்கம் இருக்காது. வீடியோவுக்கு ஊரில் வழக்கமாக எடுக்கும் ஆள் ஒருவர் உண்டு. "அந்தாளு பூ பறக்க விட்டு, வானவில் போட்டு, கல்யாண கேசட்டு மாதிரி ஆக்கிடுவாரு. எடிட்டிங் நானே பண்ணிக்கறேன்" என்றேன். "ஏங்க, அவ ஆடறதை ஒரு தடவையாவது அப்பாவா உட்கார்ந்து பாருங்களேன்" என்றாள் மனைவி. கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. பக்கத்துத் தெரு நண்பர், என் மகளுக்கு அவர் அங்கிள், தன் கேமராவில் எடுப்பார். சத்தத்தை ஆடிட்டோரியத்தின் மைக் செட்டிலிருந்து தனியாகப் பதிவு செய்துகொள்வோம். இரண்டையும் சேர்ப்பது என் வேலை.

என் மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழு வயதில் ஒரு மழை நாளில் காரின் பின்சீட்டிலிருந்து கத்தினாள், வைப்பர் தாளத்தைத் தப்பாகப் போடுகிறது என்று. பாட்டு ஒரு காலத்தில் போகிறது, வைப்பர் வேறு காலத்தில் போகிறது, இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியவில்லை, ஏதாவது ஒன்றை நிறுத்து என்று அழுதாள். மழையில் வைப்பரையா நிறுத்த முடியும்? பாட்டை நிறுத்தினேன். வாஷிங் மெஷின் சுற்றினாலும் அவள் கால் தட்டும். ரூட் 18-ல் சிக்னலுக்கு நிற்கும்போது இண்டிகேட்டர் சத்தத்துக்கும் தட்டும். எனக்கோ தாளம் என்றால் சாப்பாட்டுத் தட்டில்கூட ஒழுங்காகப் போடத் தெரியாது. இப்படிப்பட்ட நான் அவளுக்குத் தாளம் சொல்லப் போனேன் பாருங்கள்.

அரங்கேற்றம் நன்றாக நடந்தது. முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நடன டீச்சர், எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் ஆன்ட்டி, மேடையிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அது வரைக்கும் எந்தக் குறையும் இல்லை.

அடுத்த வாரம் லேப்டாப்பைத் திறந்தேன். நண்பரின் கேமரா கொடுத்த ஃபைல்களை என்னிடம் இருந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இந்த ஃபார்மட் எனக்கு ஆகாது" என்கிற மாதிரி ஒரு பெட்டி வந்து நின்றது. சரி, கன்வர்ட் பண்ணு. ஃபைலை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். அது என்னிடம் பத்துக் கேள்வி கேட்டது. எல்லாவற்றுக்கும், வழக்கமாக உள்ளபடியே இருக்கட்டும் என்று ஓகே கொடுத்தேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்துப் பதில் சொன்னேன். கேமராவில் பதிவான சத்தம் வேண்டுமா? வேண்டாம். முன்வரிசையில் யாரோ குழந்தையை அழ விட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு மாமா இருமிக்கொண்டே இருந்தார். நல்ல சத்தம்தான் தனியாக இருக்கிறதே. மாற்றிய ஃபைல்களை மட்டும் வைத்துக்கொண்டு மெமரி கார்டை நண்பருக்குத் திருப்பிக் கொடுத்தேன், அவர் அதை அழித்துவிட்டு யோசெமிட்டி மலைப்பக்கம் சுற்றுலா போய்வந்தார்.

மேடையின் வலது ஓரத்தில் டீச்சர் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்று. எனக்கு அந்தப் பாட்டில் கண்ணை உறுத்தியது. அந்த ஓரத்தையே நறுக்கிவிட்டேன். திரையில் என் மகள் மட்டும்தான் இருந்தாள்.

வர்ணம் நீளமானது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சத்தத்தோடு தனித்தனியாகப் பொருத்தினேன். தில்லானாவை மட்டும் வெட்டக் கூடாது. ஏனென்றால் அதைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். டிசம்பர் சீசனில் வெளிநாட்டுப் பிள்ளைகளை ஆட வைக்கும் ஒரு சபா, பத்து நிமிஷ ஆட்டம், ஒரே டேக், நடுவில் வெட்டே இருக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. என் மகள் அதற்காகத்தான் இரண்டு வருஷமாகத் தவம் கிடந்தாள். அரங்கேற்றத்தில் அவளுக்கு அவ்வளவு பயம் இல்லை. "இது உங்களுக்காக. சென்னைதான் எனக்காக" என்று அவள் அம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னதை நான் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன்.

தில்லானாவின் முதல் அடியையும் முதல் தட்டையும் பொருத்திவிட்டு ஓட விட்டேன். ஆரம்பம் அச்சில் வார்த்தது போல் இருந்தது. நாலு நிமிஷத்தில் ஏதோ இடித்தது. ஏழாவது நிமிஷத்தில் எனக்கே தெரிந்தது. மிருதங்கம் முடித்த பிறகு கால் விழுகிறது. கடைசித் தீர்மானத்தில், அதாவது ஆட்டத்தை முடித்துவைக்கும் அடவுக் கோவையில், எல்லா வாத்தியமும் நின்று அரை விநாடி கழித்து அவள் வந்து நிற்கிறாள்.

பிள்ளை களைத்துவிட்டாள், கடைசி உருப்படியில் பின்தங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவு பேர் கைதட்டினார்களே, ஒருத்தருக்கும் தெரியவில்லையா? இல்லை, தெரிந்தும் மரியாதைக்குத் தட்டினார்களா?

சனிக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்துக்கொண்டே பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு கால் தட்டுவதும் நின்றது.

"அப்பா, தட்ஸ் நாட் வாட் ஐ டிட்."

"என்ன கண்ணு, நீதானே ஆடறே?"

"நோ. ஐ வாஸ் ஆன் டைம். சம்திங் இஸ் ராங் வித் த வீடியோ."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு ஏறியது கோபம். தப்பை ஒத்துக்கொள்ளாமல் மெஷின் மேல் பழி போடுகிறாளே என்ற கோபம். "கேமரா பொய் சொல்லுமா? ஆரம்பத்துல சரியா இருக்குல்ல? வீடியோ தப்புன்னா ஆரம்பத்துலயே தப்பா இருக்கணும். டயர்ட் ஆயிட்டே, அதான். ஒத்துக்கறதுல என்ன வந்துச்சு?" என்றேன்.

"அவதான் சொல்றாள்ல, கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்களேன்" என்று சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்.

"உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்றேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் ஒரு மருந்து கம்பெனியில் வேலிடேஷன் வேலை பார்க்கிறேன். ஒரு சாஃப்ட்வேர் கொடுக்கும் விடை சரிதானா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபது வருஷமாக ஜூனியர்களிடம் நான் தொண்டை கிழியச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு டேட்டா ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறி வந்திருந்தால், மூலத்தோடு ஒப்பிடாமல் நம்பாதே. அப்படிப்பட்ட மகாராஜன் வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது விநாடி, எந்த அடவு, எவ்வளவு லேட். கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற மாதிரி, ஒவ்வொரு இடமாக நிறுத்தி அவளுக்குக் காட்டினேன். "இங்க பார். லேட். இங்க. இங்கயும்." போகப் போகத் தாமதம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனது. களைத்த மனுஷிக்கு அப்படிச் சீராகக் கூடுமா? ஒரு இடத்தில் பிடிப்பாள், ஒரு இடத்தில் விடுவாள். அந்த ஷீட்டை ஆபீஸில் எவனாவது கொண்டுவந்திருந்தால், டூல்ல தப்பு, போய்ப் பார் என்று ஒரு நிமிஷத்தில் துரத்தியிருப்பேன். பெற்ற பெண் என்றதும் புத்தி எங்கேயோ போய்விட்டது.

அவள் பேஸ்மென்ட்டுக்குப் போய் ஃபோனில் காலம் எண்ணித் தரும் மெட்ரோனோம் வைத்து ஆட ஆரம்பித்தாள். தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் கீழே டிக் டிக் என்று கேட்கும். முன்பெல்லாம் அவள் ஆடும்போது கால் சத்தம் மட்டும்தான் கேட்கும். இப்போது நடுநடுவே நின்றது. நின்று, மறுபடி ஆரம்பித்தது. முன்னேற்றம் என்று எண்ணிக்கொண்டேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு டீச்சரிடமும் போனேன். அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, "இவ தில்லானாவுல கொஞ்சம் பின்னாடி போயிட்டா போலிருக்கே மேடம்" என்றேன்.

"அவ தாளம் தப்ப மாட்டா சார். தட்டினது நான்தானே?" என்றார்.

அதோடு விட்டேனா? லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி இரண்டு நிமிஷத்தைப் பார்த்தார். திருப்பிப் போடச் சொன்னார். மூன்றாவது முறையும் பார்த்தார். என் மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு எனக்கு அப்படித் தோணலை. ரெண்டரை மணி நேரம் ஆடியிருக்கா, கடைசியில கொஞ்சம் டயர்டா இருந்திருக்கலாம். எனக்கும் வயசாச்சு, கவனிக்காம விட்டிருப்பேன்" என்றார்.

திரும்பி வரும்போது காரில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான், நல்லதுக்குத்தான் சொல்கிறேன், சென்னையில் ஜாம்பவான்கள் பார்ப்பார்கள், இதை அனுப்பினால் மானம் போய்விடும், அடுத்த வருஷம் நல்லா ரெக்கார்ட் பண்ணி அனுப்பலாம் என்று பேசிக்கொண்டே வந்தேன். "ஓகே" என்றாள். விண்ணப்பத்தின் கடைசி நாள் சத்தமில்லாமல் போனது. அடுத்த வருஷம் என்ற ஒன்று வரவே இல்லை. காலேஜ் அப்ளிகேஷன், அது இது என்றாள். பேஸ்மென்ட்டில் டிக் டிக் நின்றது. இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் அரங்கேற்றத்தோடு மூட்டை கட்டிவிடுகிறார்கள், எங்கள் வீட்டிலும் அதேதான் என்று, ஆளுக்கொரு சமையல் கொண்டுவரும் பாட்லக்குகளில் நானே சிரித்துக்கொண்டு சொன்னேன். மனைவி அந்தப் பேச்சு வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

அப்புறம் இரண்டு வருஷம். அவள் அரை மணி நேர தூரத்தில் இருக்கும் காலேஜில் சேர்ந்து, அங்கேயே டார்மில், அதாவது காலேஜ் ஹாஸ்டலில், தங்கிவிட்டாள்.

இந்த வசந்தத்தில் டீச்சரிடமிருந்து மெசேஜ் வந்தது. அவர் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பழைய மாணவிகளின் ஆட்டத்தையெல்லாம் கோத்து ஒரு படம் செய்கிறார்களாம். டாலஸில் இருக்கும் அவர் மருமகன் எடிட் பண்ணுகிறார். அவரிடம் இருப்பது வேறு சாஃப்ட்வேர், அதற்கு வேறு ஃபார்மட் வேண்டும், ஓரத்தை நறுக்காமல் முழுப் படமாக வேண்டும். மறுபடியும் கன்வர்ட்.

ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடித்துவிட்டு உட்கார்ந்தேன். நறுக்காத தில்லானாவைச் சத்தத்தோடு சேர்த்துச் சரிபார்க்கப் போட்டேன். வலது ஓரத்தில் அந்தப் பச்சை மூடிப் பாட்டில். அதற்குப் பக்கத்தில் டீச்சர், கையில் வெண்கலத் தாளம். சும்மா அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது நிமிஷம். தாளத்தின் ணங் என்ற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கை வந்து சேர்ந்தது.

நிறுத்திவிட்டு, பின்னால் போய் மறுபடி போட்டேன். முதலில் சத்தம், பிறகு கை. என் மகளின் கால் எவ்வளவு தாமதமோ, டீச்சரின் கையும் அவ்வளவே தாமதம். களைத்தவள் பின்தங்கலாம். தாளம் போடுகிறவர் தன் தாளத்துக்கே பின்தங்க முடியுமா?

ஃபைலின் விவரங்களைத் திறந்தேன். நண்பரின் கேமரா விநாடிக்கு முப்பது படம் எடுப்பது. நான் ஓகே கொடுத்த பத்துக் கேள்வியில் ஒன்று, அதே படங்களை விநாடிக்கு 29.97 என்று ஓட்டும்படி மாற்றியிருந்தது. படம் இம்மி மெதுவாகிவிட்டது, சத்தம் அதே வேகத்தில் போனது. பத்து நிமிஷத்தில் அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல். ஆரம்பத்தில் சரியாக இருக்கும். போகப் போக விலகும். வர்ணத்தைத் துண்டு துண்டாகப் பொருத்தியதால் அங்கே தெரியவில்லை. அன்றைக்கு அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. கேமரா சத்தம் இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம், அதை வேண்டாம் என்றது நான். டீச்சரின் கை திரையில் இருந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார், அதை நறுக்கியதும் நான். தண்ணீர் பாட்டிலுக்காக.

ஒரு எண்ணை மாற்றினேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தில்லானாவை முதலிலிருந்து ஓட விட்டேன். கடைசித் தீர்மானத்தில் மிருதங்கமும் தாளமும் அவள் காலும் ஒரே அடியாக விழுந்தன. அவள் நின்ற நிலையில் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை அன்றைக்கும் பார்த்தேன், தப்புப் பண்ணிவிட்டுச் சிரிக்கிறாளே என்று எரிச்சல் பட்டேன். வெட்கமாக இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

மனைவி வந்து பார்த்தாள். சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "இப்பவே கிளம்புங்க. போய் சாரி சொல்லுங்க. அது மட்டும் சொல்லுங்க, அங்க போய் உங்க ஆபீஸ் வேலையெல்லாம் காட்டாதீங்க" என்றாள்.

டார்ம் பார்க்கிங்கில் மகள் வந்து காரில் ஏறினாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. "இஸ் அம்மா ஓகே?" என்றுதான் முதலில் கேட்டாள். ஓகே, எல்லாரும் ஓகே என்றேன். லேப்டாப்பை மடியில் வைத்திருந்தேன். பழைய தில்லானா, இப்போது மாற்றிய தில்லானா, இரண்டின் கடைசி இரண்டு நிமிஷமும் தயாராக இருந்தது.

வழியெல்லாம் சாரி என்ற வார்த்தையைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் ஜென்ம புத்தி செருப்பால் அடித்தாலும் போகாது என்பார்களே, அந்த ரகம் நான். அவளே கண்டுபிடிக்கட்டும், பார்த்ததும் அவளுக்கே தெரியும், "ஐ டோல்ட் யூ" என்று கத்துவாள், நான் ஆமாம் என்பேன், அதுதான் அழகு என்று தோன்றிவிட்டது. எது எது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

"சொல்லு கண்ணு. இதுல எது சரி?"

இரண்டையும் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள், போட்டேன். காரின் வைப்பர் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவள் கால் அசையவில்லை. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். டீச்சரின் ஹாலில் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த அதே பார்வை.

"விச் ஒன் டு யூ வான்ட் மீ டு சே, அப்பா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

லேப்டாப்பை மூடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா, முப்பது, 29.97, பாட்டில், டீச்சரின் கை, எல்லாம். நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு, என்னை மன்னித்துவிடு என்று மூன்று முறையோ நான்கு முறையோ சொன்னேன். கேட்டுக்கொண்டாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "இட்ஸ் ஓகே அப்பா. இஃப் யூ சே ஸோ" என்றாள். ஒரு கிளாஸ் ப்ராஜெக்டுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, தலைக்கு மேல் பையைப் பிடித்தபடி மழையில் ஓடினாள்.